நிலைப் பகுப்பாய்வுக் கருவிகளில் தமிழ் எழுத்தும் சொல்லும்: எழில் நிரல்மொழியை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழில் நிரல் எழுதுதல் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சிறப்புச் சொற்களைத் தமிழாக்குவது குறித்தே பேசி வந்துள்ளன. நிரலை இயக்காமலே அதிலுள்ள குறைகளைச் சுட்டும் நிலைப் பகுப்பாய்வுக் கருவிகளும், எழுதும்போதே துணைசெய்யும் நிரல் திருத்திகளும் எழுத்து, சொல், பெயர் என்பவற்றை எவ்வாறு வரையறுக்கின்றன என்பது உரிய கவனம் பெறவில்லை. அவ்வரையறைகள் ஆங்கில எழுத்து முறையைச் சார்ந்தவை என்பதையும், அதனால் பிழையற்ற தமிழ்ப் பெயர் பிழையாகவும் பிழையுள்ள தமிழ்ப் பெயர் சரியாகவும் கொள்ளப்படுகின்றன என்பதையும் இக்கட்டுரை எடுத்துக்காட்டுகளுடன் நிறுவுகிறது. எழில் நிரல்மொழியின் தொடரமைப்பு இக்கருவிகளிடம் வேண்டும் மாற்றங்களையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நிலைப் பகுப்பாய்வு, நிரல் திருத்தி, எழில், ஒருங்குறி, உயிர்மெய், புணர்ச்சி, ஒப்பெழுத்து

1. முன்னுரை

மேடவாக்கத்தில் தமிழ்வழியில் பயிலும் பள்ளி மாணவர் சிலருக்கு வார இறுதி நாள்களில் நிரலாக்கம் கற்பிக்கும் வாய்ப்பு இக்கட்டுரையாளருக்குக் கிட்டியது. தமிழ்நாட்டின் 12ஆம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் பைத்தான் மொழி இடம்பெற்றுள்ளது. தமிழ்வழிப் பதிப்பில் விளக்கம் தமிழிலும் நிரல் ஆங்கிலத்திலும் அமைந்திருக்கும். பைத்தான் தமிழ்ப் பெயர்களை ஏற்கும் என்பதால், மாறிகளுக்குத் தமிழில் பெயரிட்டுப் பார்க்குமாறு மாணவர்களிடம் கூறப்பட்டது.

ஐந்து பாட மதிப்பெண்களைக் கூட்டும் நிரலொன்றை ஒரு மாணவி எழுதினார். தொடக்கத்தில் 'மொத்தமதிப்பெண்' என்னும் மாறிக்குச் சுழியம் அளித்தார். மடக்கினுள் கூட்டிய தொகையை இருத்தும் இடத்தில் 'மொத்தமதிப்பென்' எனத் தட்டச்சு செய்துவிட்டார். றன்னகரம் வேறு, டண்ணகரம் வேறு. எனவே கணினியில் இரண்டு மாறிகள் உருவாயின. நிரல் எந்தப் பிழைச்செய்தியும் இன்றி ஓடி, மொத்தம் சுழியம் எனக் காட்டியது. அம்மாணவி அடைந்த முடிவு தம் எழுத்துப்பிழையைப் பற்றியதன்று. 'தமிழில் பெயர் வைத்தால் கணினி சரியாகக் கணக்கிடாது' என்பதே அவர் கூறியது. அடுத்த வாரம் அவர் ஆங்கிலப் பெயர்களுக்கு மாறிவிட்டார்.

இங்குத் தோற்றது மாணவியின் அறிவும் அன்று, தமிழும் அன்று. பிழையைச் சுட்டிக்காட்டியிருக்க வேண்டிய கருவி அவரிடம் இல்லை. அத்தகைய கருவிகள் எதை எழுத்தெனக் கொள்கின்றன, எதைப் பிழையெனக் கொள்கின்றன என்பதே இக்கட்டுரையின் வினா.

2. பிழை என்னும் தேர்வு

நிரலை இயக்காமல், அதன் உரையை மட்டும் ஆராய்ந்து ஐயத்திற்குரிய இடங்களைக் கூறுவது நிலைப் பகுப்பாய்வு. 1978இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் சி மொழிக்கென உருவாக்கிய 'லின்ட்' இவ்வகையின் முன்னோடி. பைத்தானுக்குப் பைலின்ட், பைஃபிளேக்ஸ் முதலியவை இன்று பயன்படுகின்றன. 2016இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் என்னும் நெறிமுறை, இத்தகைய ஆய்வின் முடிவுகளை எந்த நிரல் திருத்தியும் பெற வழிசெய்தது. தட்டச்சு செய்யும்போதே சொல்லின் அடியில் தோன்றும் சிவப்பு அலைக்கோடும், பெயரை நிறைவுசெய்து தரும் பட்டியலும் இவ்வழியாக வருபவை.

ஒரு நிரலின் நடத்தை பற்றிய எந்தவொரு பொருட்படுத்தத்தக்க வினாவுக்கும் எல்லா நிரல்களிலும் பிழையின்றி விடைகூறும் பொதுமுறை இருக்க இயலாது என்பதை 1953இல் ஹென்றி ரைஸ் நிறுவினார். ஆகவே நிலைப் பகுப்பாய்வுக் கருவி எதுவாயினும் சிலவற்றைத் தவறவிடும், அல்லது குற்றமற்ற சிலவற்றைக் குற்றமெனக் கூறும். எதைக் கூறுவது, எதை விடுவது என்பது கருவியை ஆக்கியோரின் தேர்வு. தேர்வு என்பதால் அது திறனாய்வுக்கும் உரியது.

தமிழ் ஆய்வாளர்க்கு இவ்வகை ஆய்வு புதிதன்று. மொழிமுதல் எழுத்துகள், மொழியிறுதி எழுத்துகள், மெய்ம்மயக்கம் ஆகியவை பற்றித் தொல்காப்பிய எழுத்ததிகாரம் கூறும் விதிகள் சொல்லின் பொருளை நோக்காமல் வடிவத்தை மட்டும் கொண்டு அது தமிழ்ச்சொல்லாக அமையுமா எனத் தீர்மானிப்பவை. ஒப்புமை இவ்வளவோடு நிற்கும். ஆனால் ஒரு வேறுபாடு நம் வினாவுக்கு முதன்மையானது. அவ்விதிகள் தமிழ் எழுத்தை அலகாகக் கொண்டவை. இன்றைய கருவிகளின் அலகு வேறு.

3. எழுத்தும் குறியெண்ணும்

ஒருங்குறியில் தமிழ் உயிர்மெய் தனி எழுத்தாக இடம்பெறவில்லை. அகரமேறிய மெய் ஒரு குறியெண்ணாகவும், உயிர்க்குறியோ புள்ளியோ மற்றொரு குறியெண்ணாகவும் அமைகின்றன. எழில் மொழியின் 'நிரல்பாகம்' என்னும் சிறப்புச் சொல்லைக் கொள்வோம். தமிழ் இலக்கணப்படி அதில் 6 எழுத்துகள் உள்ளன. ஒருங்குறிப்படி 10 குறியெண்கள். இணையத்தில் பரவலாக வழங்கும் எட்டுபிட் வடிவில் அது 30 பைட்டுகள். ஒரே சொல்லுக்கு மூன்று நீளங்கள் உள்ளன. அவற்றுள் படிப்போர் அறிந்தது முதலாவது மட்டுமே.

இவ்வேறுபாடு சிறு நுணுக்கம் போலத் தோன்றலாம். அதன் விளைவுகள் சிறியவை அல்ல. பைத்தானின் நடைவழிகாட்டி ஒரு வரி 79 குறிகளைத் தாண்டலாகாது என்கிறது. கருவிகள் இதைக் குறியெண்களால் அளக்கின்றன. மேற்கண்ட சொல்லின் விகிதத்தில் கணக்கிட்டால் தமிழில் எழுதுவோர்க்கு ஏறத்தாழ 47 எழுத்துகளே கிடைக்கும். பிழை நிகழ்ந்த இடத்தைக் கருவி 'இத்தனையாவது குறி' எனச் சுட்டும்போதும் அந்த எண் தமிழ் எழுத்தின் வரிசையெண் அன்று. மேற்கூறிய நெறிமுறை தொடக்கத்தில் இடத்தைக் குறிக்க 16 பிட் அலகையே விதித்தது. 2022இல் வந்த 3.17 பதிப்பு வேறு இரு அலகுகளையும் அனுமதித்தது. அவற்றுள் எதுவும் உயிர்மெய்யை ஓர் அலகாகக் கொள்ளவில்லை.

இதனினும் ஆழமான சிக்கல் 'சொல்' என்பதன் வரையறையில் உள்ளது. நிரலை வண்ணமிட்டுக் காட்டவும், சொல்லைத் தேர்ந்தெடுக்கவும், பெயரைத் தேடி மாற்றவும் பல கருவிகள் ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்னும் வடிவத்தேடலைப் பயன்படுத்துகின்றன. பைத்தானுடன் வரும் வடிவத்தேடல் தொகுப்பில் 'சொல்லில் வரும் குறி' என்னும் வகைக்குள் எழுத்துகளும் எண்களும் அடிக்கோடும் அடங்கும். உயிர்க்குறியும் புள்ளியும் அடங்கா. 'நிரல்' என்பதை அதனிடம் அளித்தால் 'ந' எனவும் 'ரல' எனவும் இரண்டு சொற்களைத் திருப்பித் தரும். அதே பைத்தான், 2008இல் வெளியான மூன்றாம் பதிப்பிலிருந்து 'நிரல்' என்பதை முழுமையான மாறிப்பெயராக ஏற்கிறது. ஆக, ஒரே மொழிக்குள் சொல் பற்றி இரண்டு கொள்கைகள் நிலவுகின்றன. மொழியின் இலக்கணம் தமிழுக்கு இடம் தர, அதைச் சுற்றியுள்ள கருவி அவ்விடத்தைப் பறிக்கிறது.

கூகுள் உருவாக்கிய கோ மொழியில் சிக்கல் இலக்கணத்திலேயே உள்ளது. அதன் பெயர்களில் எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவை மட்டுமே வரலாம். உயிர்க்குறியும் புள்ளியும் அவ்வகைகளுள் சேரா. 'பல' என்பது பெயராகலாம், 'மரம்' ஆகாது. மேலும், ஒரு பெயர் பிற தொகுப்புகளுக்குப் புலப்பட வேண்டுமெனில் அது ஆங்கிலப் பெரிய எழுத்துப் போன்ற வடிவில் தொடங்க வேண்டும் என்பது அதன் விதி. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பாகுபாடே இல்லாத தமிழில் இவ்விதியை நிறைவேற்ற வழியில்லை. எல்லா மொழிகளுக்கும் பொதுவெனக் கூறப்படும் அமைப்பு ஒரு குறிப்பிட்ட எழுத்து முறையின் இயல்பைப் பொதுவிதியாக்கிவிடுகிறது.

4. தமிழ்ப் பெயரே குற்றமாதல்

பைலின்ட் கருவி, ஆங்கில அடிப்படைக் குறித்தொகுதிக்கு வெளியேயுள்ள எழுத்தால் அமைந்த பெயரைக் கண்டால் அதை மரபுமீறல் எனக் குறிக்கிறது. 'மதிப்பெண்' என்று சரியாக எழுதினாலும், 'மதிப்பென்' என்று பிழையாக எழுதினாலும் கிடைக்கும் செய்தி ஒன்றே. தமிழ்ப் பெயர்கள் 50 கொண்ட நிரலில் அவை அனைத்தின்மீதும் இக்குறிப்பு விழும். மாணவர் திருத்திக்கொள்ள வேண்டிய ஓரெழுத்துப் பிழை அக்கூட்டத்தில் மறைந்துபோகும்.

இவ்விதிக்குப் பின்னால் நியாயமான அச்சமும் உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் பவுச்சரும் ராஸ் ஆண்டர்சனும் 2021இல் வெளியிட்ட ஆய்வு, கண்ணுக்குப் புலப்படாத திசைக்குறிகளையும் உருவொத்த எழுத்துகளையும் கொண்டு நிரலில் தீய கட்டளைகளை மறைக்க இயலும் எனக் காட்டியது. பன்னாட்டுக் குழுக்கள் சேர்ந்து எழுதும் நிரலில் அனைவரும் படிக்கத்தக்க பெயர் வேண்டும் என்பதும் மறுக்கத்தக்கதன்று. விதியை வேண்டாதோர் அணைத்துவிடலாமே என்றும் கேட்கலாம். அணைத்தபின் தமிழ்ப் பெயர்கள் முற்றிலும் கண்காணிப்பின்றி விடப்படுகின்றன என்பதே சிக்கல். எல்லாம் குற்றம், அல்லது எதுவும் குற்றமில்லை என்னும் இரண்டு நிலைகள் மட்டுமே உள்ளன.

ரஸ்ட் மொழி வேறு வழியைக் காட்டியுள்ளது. 2021 ஜூனில் வெளியான அதன் 1.53 பதிப்பு, பிறமொழி எழுத்தாலான பெயர்களை ஏற்றது. அத்தகைய பெயர் வருவதையே தடுக்கும் விதி அதில் இருப்பினும் இயல்பாக அது செயற்படுவதில்லை. உருவொத்த இரு பெயர்கள் ஒரே நிரலில் வந்தால் எச்சரிக்கும் விதி இயல்பாகவே செயற்படுகிறது. அயல் எழுத்து குற்றமன்று, மயக்கம் தருவதே குற்றம் என்னும் இக்கொள்கை தமிழுக்கு உகந்தது. ஆனால் தமிழில் மயக்கம் தருபவை எவை என்பதைத் தமிழறிந்தோரே கூற வேண்டும்.

5. தமிழில் மயக்கம் தருபவை

முதலாவது, ஒரே தோற்றமும் வேறு குறியெண் வரிசையும் உடையவை. 'மொத்தம்' என்பதிலுள்ள ஒகர உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாலும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். பைத்தான் இவற்றை ஒழுங்குசெய்து ஒன்றாகக் கொள்ளும். ஜாவாஸ்கிரிப்ட் ஒழுங்குசெய்யாது. அங்கு இவை இரண்டு மாறிகள். கண்ணால் எவ்வளவு உற்று நோக்கினும் வேறுபாடு புலப்படாது.

இரண்டாவது, ஒழுங்குசெய்தாலும் தீராதவை. 'பௌர்ணமி' என்பதை ஔகாரக் குறியால் எழுதுவதற்குப் பதிலாக ஒற்றைக்கொம்புடன் ளகரத்தைச் சேர்த்துப் 'பெளர்ணமி' என எழுதும் வழக்கம் இணையத்தில் மிகப் பரவியுள்ளது. ஒருங்குறியின் ஒழுங்குமுறைகள் எவையும் இவற்றை ஒன்றாக்குவதில்லை. தமிழ் எண்குறிகளும் இவ்வகையினவே. ஒன்றைக் குறிக்கும் ௧, ககரத்தைப் போன்றது. இரண்டு உகரத்தையும், ஏழு எகரத்தையும், எட்டு அகரத்தையும் ஒத்தவை. 'மதிப்பு௧' என்பதும் 'மதிப்புக' என்பதும் பைத்தானுக்கு முறையான இரு வேறு பெயர்கள்.

மூன்றாவது, ஒலி ஒப்புமையால் வருபவை. ண, ன, ந. ல, ள, ழ. ர, ற ஆகிய தொகுதிகளில் மாறி எழுதுதல் கற்போரிடம் மிகுதி. பெயர் தவறும்போது 'இதையா கருதினீர்?' என வினவும் கருவிகள், எத்தனை குறிகளை மாற்றினால் ஒரு பெயர் மற்றொன்றாகும் என்னும் திருத்தத் தொலைவைக் கணக்கிடுகின்றன. அக்கணக்கில் ணகரத்திற்கு னகரம் வருவதும் ணகரத்திற்குப் பகரம் வருவதும் ஒரே தொலைவு. தமிழ் கற்பிக்கும் எவரும் அவற்றைச் சமமெனக் கொள்ளார். எழுத்தை அலகாகக் கொண்டு, இத்தொகுதிகளுக்குள் நிகழும் மாற்றத்திற்குக் குறைந்த எடை அளித்தால் 'மொத்தமதிப்பென்' என்பதைக் கருவி உடனே ஐயுற்றிருக்கும்.

நான்காவது, புணர்ச்சியால் வருபவை. 'மாணவர்பட்டியல்', 'மாணவர்ப்பட்டியல்' என ஒருவரே இரு இடங்களில் இருவகையாக எழுதக்கூடும். எது சரி என்று தீர்ப்பளிப்பது நிரல் கருவியின் வேலையன்று. ஒற்று மட்டும் வேறுபட்ட இரு பெயர்கள் ஒரே நிரலில் உள்ளன எனச் சுட்டுவதே அதன் வேலை. இதே காரணத்தால் மொழிமுதல் எழுத்து விதியைப் பெயர்களின்மீது கட்டாயமாக்குதலும் பொருந்தாது. 'லாபம்', 'டிகிரி' போன்ற பெயர்கள் நிரலில் இயல்பாக வருபவை. அவற்றைக் குற்றமாக்கினால் பைலின்ட் செய்யும் தவற்றையே தமிழின் பெயரால் நாமும் செய்தவராவோம்.

6. எழில் மொழி எழுப்பும் வினாக்கள்

முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில், தமிழ் மாணவர் நிரலாக்கம் பயில்வதற்கென அமைந்த திறமூல மொழி. அதைப் பற்றிய அவரது கட்டுரை 2009இல் வெளியானது. எழிலுக்கென 'எழுதி' என்னும் திருத்தியும் உருவாக்கப்பட்டது. எழிலைச் சொல்பெயர்ப்பு முயற்சியாக மட்டும் கருதுவோர் அதன் தொடரமைப்பை நோக்குதல் வேண்டும்.

@( மதிப்பெண் >= 35 ) ஆனால்
    பதிப்பி "தேர்ச்சி"
இல்லை
    பதிப்பி "மீண்டும் முயல்க"
முடி

நிபந்தனை முன்னும் 'ஆனால்' என்னும் சொல் பின்னும் வருகின்றன. ஆங்கிலத் தொடரமைப்புடைய மொழிகளில் இது தலைகீழ். தமிழில் எச்சமும் வினையும் இறுதியில் வருதலை ஒட்டிய இவ்வமைப்பே எழிலின் சிறந்த முடிவு என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. நிரல் திருத்திகளுக்கு அதுவே ஒரு சோதனையும் ஆகிறது. ஆங்கில மரபில் சிறப்புச் சொல் முதலில் வருவதால், அதைக் கண்ட அளவில் திருத்தி அடுத்து வர வேண்டிய வடிவத்தை அமைத்துத் தரும். எழிலில் அடைப்புக்குறி முடியும் வரை வரப்போவது 'ஆனால்' என்னும் நிபந்தனையா, 'வரை' அல்லது 'ஆக' என்னும் மடக்கா எனத் திருத்தியால் அறிய இயலாது. '@' குறி ஏதோ ஒன்று தொடங்குகிறது என்பதை மட்டும் அறிவிக்கிறது. எனவே நிறைவுசெய்யும் உதவி முன்கூட்டி ஊகிப்பதாக இல்லாமல், அடைப்பினுள் இருப்பதைப் படித்தபின் பரிந்துரைப்பதாக அமைய வேண்டும். உள்ளே தொடக்கம், நிபந்தனை, மாற்றம் என மூன்று பகுதிகள் இருப்பின் 'ஆக', ஒப்பீடு மட்டும் இருப்பின் 'ஆனால்' அல்லது 'வரை' எனப் பரிந்துரைக்கலாம். ஆங்கில மொழிகளுக்கான திருத்தியில் சொற்பட்டியலை மட்டும் மாற்றினால் இது கிட்டாது.

பல வகைத் தொகுதிகள் 'முடி' என்னும் ஒரே சொல்லால் முடிவதும் கருதத்தக்கது. நடுவில் ஒரு 'முடி' விடுபட்டால் இலக்கணப் பகுப்பி அதைக் கோப்பின் இறுதியில்தான் உணரும். பிழை ஐந்தாம் வரியில் இருக்க, செய்தி ஐம்பதாம் வரியில் தோன்றும். வரிகளின் உள்தள்ளலை ஒப்பிட்டு எந்தத் தொகுதி மூடப்படவில்லை என ஊகித்துக் கூறுவது நிலைப் பகுப்பாய்வுக்கு எளிது, கற்போர்க்குப் பெரும் உதவி.

எழிலின் சிறப்புச் சொற்களிலும் ஒரு முரண் உள்ளது. மாற்று நிபந்தனைக்குரிய சொல் 'இல்லைஆனால்' எனப் புணர்ச்சியின்றி அமைந்துள்ளது. தமிழ் வகுப்பில் உடம்படுமெய் பயின்ற மாணவர் 'இல்லையானால்' என்றே எழுதுவார். 'நிரல்பாகம்' என்பதையும் லகர ஈற்றுப் புணர்ச்சி அறிந்தவர் 'நிரற்பாகம்' என எழுதக்கூடும். இலக்கணம் அறிந்தவர் பிழைசெய்தவராகிறார். நிரல்மொழி தெளிவுக்காகப் புணர்ச்சியை விலக்குவது ஏற்கத்தக்க முடிவே. ஆனால் அம்முடிவின் சுமையை மாணவர்மீது ஏற்றலாகாது. 'இல்லையானால் என்பது இங்கு இல்லைஆனால் என எழுதப்படும்' என ஒரு வரியில் திருத்தி கூறிவிடலாம். அதற்குரிய புணர்ச்சி விதிகள் நம் இலக்கண நூல்களில் ஏற்கெனவே வகுக்கப்பட்டுள்ளன.

இதற்கான அடித்தளமும் இல்லாமல் இல்லை. எழில் முயற்சியோடு தொடர்புடைய ஓப்பன்-தமிழ் தொகுப்பில் ஒரு சரத்தைத் தமிழ் எழுத்துகளாகப் பிரிக்கும் செயற்கூறு உண்டு. அது 'நிரல்பாகம்' என்பதை ஆறு எழுத்துகளாகவே தரும். சொல்திருத்திக்கான பகுதியும் அத்தொகுப்பில் உள்ளது. நிரல் ஆய்வுக் கருவிகள் இவ்வெழுத்து அலகின்மேல் எழுப்பப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரை வலியுறுத்துவது.

7. முடிவுரை

தொழிற்துறையின் நிரல்கள் ஆங்கிலத்திலேயே இருக்கும் நிலையில் இம்முயற்சி எதற்கு என்னும் வினா எழும். தொழிற்துறை நிரல்களைத் தமிழாக்க வேண்டும் என்பது இங்கு வாதமன்று. நிரலாக்கத்தின் முதல் ஆண்டைத் தாய்மொழியில் தொடங்கும் மாணவர், தம் எழுத்துப்பிழையைத் தம் மொழியின் குறையெனக் கருதி விலகும் நிலை நேரலாகாது என்பதே வாதம். சிறப்புச் சொற்களைத் தமிழாக்குவதால் மட்டும் ஒரு நிரல்மொழி தமிழுக்குரியதாகிவிடாது. கற்பவர் தவறும்போது அத்தவற்றை அவருக்குப் புரியும் அலகில், எழுத்தாகவும் சொல்லாகவும் புணர்ச்சியாகவும் கண்டு கூறும்போதே அது தமிழுக்குரியதாகும்.

இப்பணி கணினியியலாளர் மட்டும் செய்து முடிக்கக்கூடியதன்று. ஒப்பெழுத்துப் பட்டியல், ஒலிமயக்கத் தொகுதிகளுக்கான எடை, பெயர்களில் ஏற்கத்தக்க புணர்ச்சி வேறுபாடுகள் ஆகிய மூன்றும் தமிழ் இலக்கண ஆய்வாளர் வரையறுத்துத் தர வேண்டியவை. மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் செல்லும் செம்மொழிச் சாலையில் பெரும்பாக்கத்தில் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் உள்ளது. அதே சாலையில் இன்னும் சிறிது தொலைவு சென்றால் எல்காட் தகவல் தொழில்நுட்ப வளாகம். எழுத்ததிகாரத்தை ஆய்வோரும் நிரல் எழுதுவோரும் நாள்தோறும் ஒரே சாலையில் பயணம் செய்கின்றனர். மேற்கூறிய மூன்று பட்டியல்களைத் திறந்த உரிமத்தில் உருவாக்குவதை அவர்கள் கூடிச் செய்யும் முதற்பணியாகக் கொள்ளலாம். அவை இருந்திருப்பின் அம்மாணவியின் திரையில் ஓர் அலைக்கோடு தோன்றியிருக்கும். அதன்கீழ் 'மொத்தமதிப்பெண் எனக் கருதினீரா?' என்னும் வினாவும் இருந்திருக்கும்.